அது வெளிநாட்டுக் கதை இல்லை, சேர்

சிறுகதைப் போட்டிப் பரிசளிப்பில் நடுவர் ஒரு பிள்ளையின் கதையைச் சபையில் வைத்துக் குறைசொன்னதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் காணொளி எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது, ஆளுக்கொரு தீர்ப்பும் சொல்லியாயிற்று. "மூத்தவர் சொன்னால் அதில் ஏதோ இருக்கும்" என்று என் பக்கத்திலேயே வந்து எழுதுகிறார்கள். சரி, நானும் சொல்லிவிடுகிறேன்.

நடுவர் சேர் பெயர் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் "காதுக்குள்ள மெஷினாம், மனசைக் கட்டுப்படுத்துதாம், எல்லாம் இங்கிலீஷ் படம் பார்த்து எழுதினது, நம்ம மண்ணின் மணமே இல்ல, பதினாறு வயசில ஏன் இவ்வளவு இருட்டு" என்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, யாருடைய கதை என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை தாயோடு அங்கேதான் இருந்தது. பரிசு கிடைக்காததைப் பற்றி நான் கதைக்கவில்லை. பரிசு நடுவருடைய உரிமை. ஒரு பிள்ளையின் கதையைச் சபையில் வைத்து "இது உன்னுடையது இல்லை" என்று சொல்வது யாருடைய உரிமை?

கதையைப் படிக்காமலே கருத்துச் சொல்கிறவர்கள்தான் கூட என்பதால் கதையைச் சொல்கிறேன். எதிர்காலத் திருகோணமலை. எட்டாம் வகுப்புக்கு வந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கருவி பொருத்துகிறார்கள், படிப்பில் கவனம் சிதறக்கூடாது என்று. கவனம் கூடுகிறது. சோதனைப் புள்ளிகள் ஏறுகின்றன. வீட்டில் எதிர்ப்பேச்சு இல்லை. கொஞ்சக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கோபம் வருவதில்லை, பிறகு கனவும் வருவதில்லை. ஒருத்தியின் கருவி மட்டும் கடல்தண்ணீர் பட்டுப் பழுதாகிறது. எப்போதோ செத்துப்போன அம்மம்மாவுக்காக அவளுக்கு அன்றைக்குத்தான் அழுகை வருகிறது.

கருவியைக் கழற்றினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். அந்த அறை எங்கே இருக்கிறது தெரியுமா? ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சீனக்குடாவில், வெள்ளைக்காரன் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றுக்குள். நாங்கள் எத்தனை தரம் அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறோம், காட்டுக்குள் நிற்கும் அந்த இரும்புகளைப் பார்த்து எங்களில் யாருக்காவது ஒரு கதை தோன்றியதா? அவள் கருவியைக் கழற்றி, கோட்டை வாசலடியில் மேயும் மான் ஒன்றின் கழுத்தில் கட்டிவிடுகிறாள். இரவு முழுக்கத் திரையில் அவளுடைய மனம் மக்கெய்சர் மைதானத்துப் பக்கம் புல் மேய்ந்துகொண்டு திரிகிறது. "பிள்ளை மிகவும் அமைதியாக இருக்கிறாள்" என்று அதிகாரிகள் அறிக்கை எழுதுகிறார்கள். அவளோ சீனக்குடா ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறாள்.

அந்த இடத்தைப் படித்தபோது நான் எழும்பி நடந்தேன். இதில் மண்ணின் மணம் இல்லை என்றால் இந்த ஊர் மண்ணில் வேறு என்ன மணக்க வேண்டும்? மல்லிகைப் பூவும் வயல் வரப்பும் வந்தால்தான் மண்ணா?

அப்புறம் இந்த "நம் மண்" கதை. திருகோணமலைக்காரர் இன்னாசித்தம்பி 1891இல் எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பியக் கதை ஒன்றின் தழுவல். ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை அந்த நூலைச் சொல்லாமல் யாரும் எழுதுவதில்லை. 1895இல் இன்னொரு திருகோணமலைக்காரர், சரவணமுத்துப்பிள்ளை, 'மோகனாங்கி' எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது அதுதான். அது தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி நாயக்கர் காலத்துக் கதை. எங்கள் ஊரின் பெருமை என்று மேடைக்கு மேடை சொல்கிறோமே, அந்த இரண்டு பேரும் கதையைத் தேடி எவ்வளவு தூரம் போனார்கள் என்று பாருங்கள். இந்தப் பிள்ளை சீனக்குடாவைத் தாண்டவே இல்லை.

"சரி, ஆனால் நடக்காத விஷயம்தானே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 2012 ஜனவரியில் ஒரு வாரம், 689,003 பேரின் பேஸ்புக் பக்கத்தில் அவர்களுக்குத் தெரியாமலே சந்தோஷமான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டிப் பார்த்தார்கள், அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று. மாறியது. மிகச் சிறிய மாற்றம்தான், ஆய்வு செய்தவர்களே அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 2014இல் கட்டுரை வெளிவந்த பிறகுதான் உலகத்துக்கே தெரியவந்தது. 2019இல் சீனாவில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளின் நெற்றியில் மூளை அலையை அளக்கும் பட்டி கட்டினார்கள். கவனமாக இருந்தால் ஒரு நிற விளக்கு, கவனம் சிதறினால் வேறு நிறம், தகவல் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போகும். படம் வெளியே வந்து சனம் கொதித்த பிறகு நிறுத்தினார்கள். அது அளந்ததே தவிரக் கட்டுப்படுத்தவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளை அங்கிருந்து ஓர் அடி முன்னால் வைத்தது, அவ்வளவுதான். கதை எழுதுகிறவர் வேறு என்ன செய்வார்? சிலி நாடு 2021இல் மூளையின் செயற்பாட்டைப் பாதுகாக்க அரசியலமைப்பையே திருத்தியது. இங்கிலீஷ் படம் பார்த்துப் பயந்துபோய்ச் செய்தார்களா?

தூரம் போகவும் வேண்டாம். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அதைத் தூண்டிய பொய்கள் எதன் வழியாகப் பரவின? நாட்டில் பேஸ்புக்கை முடக்கவேண்டி வந்தது. தங்கள் தளத்துக்கு அதில் இருந்த பங்குக்காக 2020இல் அந்தக் கம்பனியே மன்னிப்புக் கேட்டது. கருவி மனசை மாற்றும் என்பது இந்த நாட்டில் கற்பனையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவியும் கேட்டாள். நான் அந்தப் பிள்ளையின் வயதில் இருந்தது தொண்ணூறுகளில். யுத்த காலம். ரியூசனுக்குப் போகிற வழியெல்லாம் சென்றி, இராணுவச் சோதனைச் சாவடி. அடையாள அட்டையை நீட்டும்போது முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. பயம் தெரிந்தாலும் பிழை, கோபம் தெரிந்தால் அதைவிடப் பிழை, சிரித்தால் அதுவும் பிழை. முகம் ஒன்று, உள்ளே வேறொன்று என்று வாழ எங்கள் வயதுக்காரர் எல்லாரும் பழகினோம். அந்தக் கதையில் அவள் கருவி பழுதானதை மறைக்க வகுப்பில் மற்றவர்கள் மாதிரியே வெறும் முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கத்தை வாசித்தபோது சென்றியில் வரிசையில் நின்ற பொடியன்களின் முகங்கள்தான் எனக்கு வந்தன. பிள்ளைக்கு அந்தக் காலம் தெரியாது. எப்படி எழுதியதோ தெரியவில்லை. கண்காணிப்பு வெளிநாட்டுச் சரக்கு என்று இந்த ஊரில் நின்றுகொண்டு ஒருவர் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை, அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும்.

"இருட்டான கதை பிள்ளைகளின் மனசைக் கெடுக்கும்" என்பது இன்னொன்று. இதைச் சொல்கிற பெற்றோரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் என் அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிய நாட்களில் ஸ்னப்சட்டில் ஸ்ட்ரீக் அறுந்துவிடக் கூடாது என்று தன் கணக்கின் கடவுச்சொல்லை மச்சாளிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் போனாள். ஒரு நாளும் தவறாமல் படம் அனுப்பவேண்டும், தவறினால் எண்ணிக்கை பூச்சியமாகிவிடும். பரீட்சையைவிட அந்தப் பூச்சியத்துக்குத்தான் அவள் பயந்தாள். இருட்டு பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே இருக்கிறது, சார்ஜ் ஏற்றிக் கொடுப்பதும் நாங்கள்தான். அதைப் பற்றிக் கதை எழுதியது மட்டும் குற்றமா?

எழுத்துப் பிழைகள் இருந்தனவாம். இருந்தன. திருத்தலாம்.

"ஏஐ எழுதிக் கொடுத்திருக்கும்" என்று கருத்துப் பெட்டியில் எழுதியவர்களுக்கு: அதன் முதல் வரைவை ஒற்றை ரூல் கொப்பியில், பென்சிலில், வெட்டித் திருத்தி எழுதியதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறோம். முதலில் ஆட்டின் கழுத்தில்தான் கட்டியிருந்தது. பிறகுதான் மான். பதினாறு வயதுப் பிள்ளை நன்றாக எழுதினால் உங்களுக்கு முதலில் வருவது சந்தேகமா?

உண்மையில் சேருக்கு எது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்தக் கதையில் வில்லன் கருவி இல்லை. கருவி வேண்டும் என்று வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவது பெற்றோர். "இப்பதான் பிள்ளை சொல்வழி கேக்குது" என்று சந்தோஷப்படுவது தாய். கூட்டம் வைத்து நன்றி சொல்வது அதிபர். விடியக் காலை ரியூசன், பிறகு பாடசாலை, பின்னேரமும் ரியூசன், ஐந்தாம் வகுப்பிலேயே புலமைப்பரிசில் பரீட்சை என்று பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியைக் கேட்டு வீடு வீடாகத் தொலைபேசி எடுக்கிறோமே, நாங்கள் கருவி இல்லாமலே செய்வதைத்தான் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது. பெரியவர்களைக் கேள்வி கேட்கிற கதைக்குப் பெரியவர்கள் மார்க் போட்டால் இதுதான் நடக்கும். நீங்களும் நானும் அதில் வருகிறோம் சேர். எனக்கும் வலித்தது. வலித்ததற்காக மண்ணின் மணம் இல்லை என்று சொல்லலாமா?

பரிசளிப்பு முடிந்து வெளியே வந்தபோது "இனி எழுதமாட்டன்" என்றுதான் அந்தப் பிள்ளை சொன்னது. தாய் ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு பின்னேரம் வாசிப்பு வட்டத்தில் அந்தக் கதையை முழுதாக வாசிக்கப்போகிறோம். பிள்ளை யோசித்துச் சம்மதித்திருக்கிறது, தாயும் சம்மதித்துவிட்டார். வேறு யாரும் வாசிக்க வேண்டாம், தானே வாசிக்கிறேன் என்று நேற்று இரவு சொல்லியனுப்பியது. வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், இடம் சொல்கிறேன். நடுவர் சேருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன்.