வின்ராருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

போன வாரம் ஒரு தம்பி மெசஞ்சரில் வந்தார். வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு செயலி செய்யப் போகிறாராம். விலை என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். "முதல்ல வின்ரார் மாதிரி ஃப்ரீயா விட்டுடலாம்ணா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்குத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன்.

வின்ரார் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். அதன் 40 நாள் சோதனைக் காலம் முடிந்ததும் "வாங்குங்கள்" என்று ஒரு சின்னப் பெட்டி வரும். மூடிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். பல வருஷமாக மூடிக்கொண்டே இருப்பவர்களில் நானும் ஒருவன். 1995லிருந்து இந்த மென்பொருள் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று மீம் போட்டுச் சிரிக்கிறோம். ஆயிரம் கணினிகள் உள்ள ஓர் அலுவலகம் அப்படி மூடிவிட்டுப் போக முடியாது. லைசென்ஸ் இல்லாத மென்பொருள் ஆடிட்டில் சிக்கினால் வம்பு, அதனால் கட்டிவிடுவார்கள். நாம் ஓசியில் பழகி, வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் அதையே கேட்கிறோம். அதாவது நாம் அவர்களுடைய சம்பளமில்லாத விற்பனைப் பிரதிநிதிகள். தம்பியின் செயலியை எந்த அலுவலகமும் ஆடிட்டுக்குப் பயந்து வாங்கப் போவதில்லை.

தம்பி தொடங்கப் போவது மாதிரி, வெளி ஆள் கையில் இல்லாமல் சொந்தக் காலில் நிற்பதை "சுயாதீன மென்பொருள் நிறுவனம்" என்பார்கள். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். எரிக் பரோன் நாலரை வருஷம் தனியாளாக உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016இல் ஸ்டார்டியூ வேலி விளையாட்டை வெளியிட்டார். ஜூடி ஃபாக்னர் 1979இல் தொடங்கிய எபிக், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கிறது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள், ஆனாலும் பங்குச்சந்தைக்குப் போகவே இல்லை. இரண்டுமே சுயாதீனம்தான். ஆனால் ஒருவருடைய அனுபவத்தை மற்றவரிடம் சொன்னால் ஒன்றும் விளங்காது. விளையாட்டு யாருக்கும் தேவையில்லாத பொருள். பிடித்தால் லட்சம் பேர் வாங்குவார்கள், பிடிக்காவிட்டால் முதல் வாரத்தோடு கதை முடிந்தது. மருத்துவமனையில் ஒரு விற்பனைக்கே வருஷக்கணக்கில் அலைய வேண்டும். ஆனால் உள்ளே போய்விட்டால் உங்களைப் பிடுங்கி எறிவது அவர்களுக்கு அறுவைசிகிச்சை மாதிரி.

எனக்குப் பிடித்த ரகம் வேறு. யாரும் மேடையேறிப் பேசாத ரகம். நூலகத்துக்கு, படகுத்துறைக்கு, பல் மருத்துவருக்கு, நகரப் பேருந்துச் சேவைக்கு என்று ஒரே ஒரு தொழிலுக்கு மட்டும் மென்பொருள் எழுதுகிறவர்கள். திரையைப் பார்த்தால் இருபது வருஷப் பழசு போல இருக்கும். ஆனால் அந்தத் தொழிலின் எல்லாக் கோணல்களும் அதற்குள் இருக்கும்: எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும், மாதக் கடைசியில் கணக்கு ஏன் இடிக்கும் என்பது வரை. மொத்தச் சந்தையே சில ஆயிரம் வாடிக்கையாளர்தான் என்பதால் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய மீன் நுழைய முடியாத சின்ன வாய்க்கால். 1995இல் மார்க் லெனர்ட் தொடங்கிய கான்ஸ்டலேஷன் சாஃப்ட்வேர் இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளை நூற்றுக்கணக்கில் வாங்கி, விற்காமல் வைத்துக்கொண்டே வளர்ந்தது. அதன் பெயரைக்கூட நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஒரு பல் மருத்துவர் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கிற பொறுமை நம்மவர்களுக்கு ஏனோ இருப்பதில்லை. எல்லாருக்கும் "எல்லாருக்கும்" செய்யத்தான் ஆசை.

நிரலாளர்களுக்கே விற்கும் கம்பெனிகளும் உண்டு. உலகத்திலேயே மோசமான வாடிக்கையாளர்கள் நாம்தான். கொஞ்சம் காசு கொடுத்தால் கிடைக்கும் கருவியை மூன்று சனி ஞாயிறு செலவழித்து நாமே செய்து பார்ப்போம். இருந்தும் நிரல் எழுதும் கருவிகளை விற்கும், 2000இல் தொடங்கிய ஜெட்பிரெயின்ஸ் வெளி முதலீடு இல்லாமலே வளர்ந்தது. அங்கேயும் பெரும்பாலும் பில் கட்டுவது நம் முதலாளிதான். தரவுகளைச் சேமித்து வைக்கும் எஸ்க்யூலைட் என்ற மென்பொருள் இன்னும் விசித்திரம். உங்கள் கைப்பேசிக்குள் இப்போதே இருக்கிறது, யாரும் பதிப்புரிமை கோராத பொதுச்சொத்து, விலை பூஜ்யம். அதை எழுதிய ரிச்சர்ட் ஹிப்பின் சின்னக் குழுவுக்கு, அதை நம்பியிருக்கும் பெரிய கம்பெனிகள் ஆதரவுக் கட்டணம் கட்டுகின்றன.

அடுத்தது நான் சூடுபட்ட ரகம். வேறொருவரின் திண்ணையில் கடை போடுவது. ஒரு பெரிய தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்று செய்து, அவர்களுடைய சந்தையிலேயே மூன்று வருஷம் விற்றேன். நல்ல வருமானம், வெளி முதலீடு ஒரு பைசா கிடையாது. "நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்று இதே சுவரில் பெருமையாக எழுதியும் இருக்கிறேன் (தேடாதீர்கள், அழித்துவிட்டேன்). ஒருநாள் காலை அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: எங்கள் பயனர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி, இந்த வசதியை இனி நாங்களே இலவசமாகத் தருகிறோம். மகிழ்ச்சியடைந்த பயனர்களில் என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். மூன்றாவது மாதம் வருமானம் பாதிக்குக் கீழே போய்விட்டது.

இது புதுசும் இல்லை. 2002இல் ஆப்பிள் தன் ஷெர்லாக் என்ற தேடல் மென்பொருளின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, கரேலியா என்ற குட்டிக் கம்பெனியின் வாட்சன் மென்பொருள் செய்த வேலையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருந்தது. இப்படி அடிவாங்கினால் "ஷெர்லாக் ஆகிட்டோம்" என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. 2023 ஜனவரியில் ட்விட்டர் வெளிச் செயலிகளுக்குக் கதவைச் சாத்தியது. ட்வீட்பாட் போன்றவை முன்னறிவிப்பில்லாமல் செத்தன. அதே வருஷம் ரெடிட் தன் ஏபிஐக்கு (வெளிச் செயலிகள் அதன் தரவை எடுக்கும் வழி) வைத்த விலையில், ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ செயலி ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. ஜூன் 30ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள்.

ஆகவே ஒரு கம்பெனி சுயாதீனமானதா என்று பார்க்க நான் பங்குதாரர் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு மின்னஞ்சலால் இதை மூடவைக்க எத்தனை பேரால் முடியும் என்று எண்ணுகிறேன். வருமானத்தில் எண்பது சதவீதம் ஒரே கிளையண்டிடமிருந்து வருகிறதா? அது கம்பெனி மாதிரி வேஷம் போட்ட வேலை. ஆப் ஸ்டோரில் மட்டும் விற்கிறீர்களா? 30 சதவீதம் வெட்டு (சிறிய நிறுவனங்களுக்கு 2021லிருந்து 15) என்பதுகூட இரண்டாம் பட்சம், கதவின் சாவி யாரிடம் என்பதுதான் விஷயம். வியாபாரிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் இருபது வருஷம் வெளி முதலீடே வாங்காமல் இருந்து, 2021இல் இன்ட்யூட்டுக்குச் சுமார் 1,200 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அவ்வளவு காலம் அதைக் காப்பாற்றியது லட்சக்கணக்கான சின்ன வியாபாரிகள் மாதாமாதம் கட்டிய சின்னத் தொகை. அதில் யார் ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் கம்பெனிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

முதலீடு வாங்குவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. சில சந்தைகளில் அது இல்லாமல் வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஆனால் தம்பி "யாரிடமும் காசு வாங்க மாட்டேன்" என்பதையே சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காணாமல் போனார். பிறகு வந்து, "எண்ணிப் பாத்தேன்ணா, மூணு பேரால மூட முடியும். பரவாயில்லையா?" என்றார்.

எனக்கு இன்றைக்கு இரண்டு என்றேன்.