கேபிளுக்குப் பணம் உண்டு, கற்றுக்கொடுப்பவருக்கு இல்லையா?

2025 மே மாதம், டிஜிட்டல் சமவாய்ப்புச் சட்டம் இனவாதமானது, அரசமைப்புக்கு முரணானது என்று சமூக ஊடகத்தில் அறிவித்துவிட்டு, அதன்கீழ் வழங்கப்படவிருந்த நிதியை அதிபர் டிரம்ப் நிறுத்தினார். அதைத் தொடர்ந்து வணிகத் துறையிலிருந்து ரத்துக் கடிதங்கள் புறப்பட்டன. 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டம், 275 கோடி டாலரை இதற்கென ஒதுக்கியிருந்தது. ஊர் நூலகங்களிலும் முதியோர் மையங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் பழங்குடியினர் பகுதிகளிலும் கணினி வகுப்புகள் நடத்துவதும், அவற்றுக்கு ஆசிரியர்களை அமர்த்துவதும் அந்தப் பணத்தின் முக்கிய நோக்கங்களில் அடங்கும். இந்த வெட்டை நான் முழு மனத்துடன் எதிர்க்கிறேன். எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. எங்கள் ஊர் நூலகத்தின் கணினி அறையில் வார இறுதிகளில் தன்னார்வலராகக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில், அங்கே நான் காண்பதை வைத்து எழுதுகிறேன்.

இத்தகைய மையத்தில் என்ன நடக்கிறது என்பதை அறியாதவர்கள்தாம் அதை எளிதாக வெட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் நிரல் எழுதக் கற்க வருவதில்லை. முப்பது ஆண்டுகள் கிடங்கிலும் சமையற்கூடத்திலும் உழைத்துவிட்டு, வேலை போனபின் முதன்முறையாக ஒரு விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் வருகிறார்கள். படிவம் மின்னஞ்சல் முகவரி கேட்கும். முகவரி தொடங்கப் போனால் கடவுச்சொல் கேட்கும். பழைய முகவரி இருந்தால் கடவுச்சொல் மறந்திருக்கும். அதை மாற்ற முயன்றால், எப்போதோ கைவிட்ட செல்பேசி எண்ணுக்குக் குறியீடு போகும். இதையெல்லாம் கடந்து வேலை அனுபவம் நிரப்பும் பக்கத்தை அடைவதற்குள், நேரம் முடிந்துவிட்டதென்று படிவம் தானாக மூடிக்கொள்ளும். கணினியோடு வளர்ந்த நமக்கு இவை சில நிமிட எரிச்சல்கள். மவுஸைப் பிடித்தால் கை நடுங்கும் அறுபது வயதுப் பெண்ணுக்கு அப்படி அல்ல. இரண்டாம் முறையும் படிவம் மூடிக்கொண்டால், தனக்கு அறிவு போதவில்லை என்ற முடிவுக்கு வந்து அவர் எழுந்து போய்விடுகிறார். அவரை மீண்டும் நாற்காலியில் அமரவைப்பது பக்கத்தில் இருக்கும் ஆசிரியர்தான். அவசரப்படாமல், மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்காமல், ஒவ்வொரு சொடுக்கையும் அவரே செய்யும்படி விட்டு, தவறு செய்தால் எதுவும் உடைந்துவிடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லும் ஆசிரியர். இந்த வெட்டில் முதலில் போவது அவருடைய சம்பளம். கணினிகள் அறையில் அப்படியே இருக்கும்; அவற்றின் முன் யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படிப்பட்ட மையங்களின் வரலாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கணித ஆசிரியையாக இருந்த அந்தோனியா ஸ்டோன் 1983இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில், அக்கம்பக்கத்து மக்களுக்காகக் கணினி மையம் ஒன்றைத் திறந்தார். வீட்டில் கணினி வைத்திருப்பது அரிதாக இருந்த காலம் அது. ஏழைகள் வாழும் பகுதியில் உள்ளவர்கள் இந்தக் கருவியைப் பிறருக்குப் பின்னால் வந்து தொடக்கூடாது, அவர்களோடு சேர்ந்தே தொடவேண்டும் என்று அவர் எண்ணினார். அந்த முயற்சியிலிருந்து நாடெங்கும் உள்ள மையங்களின் கூட்டமைப்பு ஒன்று வளர்ந்தது. பின்னர் கிளிண்டன் ஆட்சியில் கல்வித் துறை இதற்கெனவே ஒரு திட்டத்தை 1999இல் ஒரு கோடி டாலரில் தொடங்கியது. 2001ஆம் நிதியாண்டில் அது ஆறரைக் கோடியாக உயர்ந்தது.

உயர்ந்த வேகத்திலேயே சரிந்தது. அடுத்த ஆண்டே தொகை பாதியானது. 2002 பிப்ரவரியில் புஷ் அரசு சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம், இத்திட்டத்தையும் வணிகத் துறையின் தொழில்நுட்ப வாய்ப்புகள் திட்டத்தையும் முற்றாக ஒழிக்கக் கோரியது. நாடாளுமன்றம் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, குறைந்துகொண்டே வந்த தொகைகளை வழங்கியது; பிறகு இரண்டுமே மறைந்தன. அப்போது சொல்லப்பட்ட காரணம் என்னவென்றால், கணினியும் இணையமும் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான இடைவெளி தானாகவே மூடிக்கொண்டு வருகிறது என்பது. அதே பிப்ரவரியில் வணிகத் துறை வெளியிட்ட அறிக்கையின்படி 14.3 கோடி அமெரிக்கர்கள், அதாவது மக்கள்தொகையில் பாதிக்குச் சற்று மேல், இணையத்தைப் பயன்படுத்தினர். ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் வருமானமுள்ள குடும்பங்களில் ஐவரில் நால்வர் இணையத்தில் இருந்தபோது, 15,000 டாலருக்குக் குறைவான வருமானமுள்ள குடும்பங்களில் நால்வரில் ஒருவரே இருந்தார் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. அதற்கு ஓராண்டுக்கு முன், தகவல்தொடர்பு ஆணையத்தின் அன்றைய தலைவர் மைக்கேல் பவல், இங்கே ‘மெர்சிடிஸ் இடைவெளி’யும் இருக்கிறது, தனக்கும் அந்தக் கார் வேண்டும், வாங்கத்தான் வசதியில்லை என்று பேசினார். இணையத்தை ஆடம்பரப் பொருளாக எண்ணிய அந்தப் பேச்சை இன்று யாரும் ஆதரிக்கமாட்டார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த மனநிலை மட்டும் இன்னும் நிதி ஒதுக்கும் மேசைகளில் இருக்கிறது.

இன்று அந்த மனநிலை சொல்லும் காரணம், எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கிறது என்பது. பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குக் குறைவாக உள்ள அமெரிக்கர்களில் 41 விழுக்காட்டினரிடம் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இல்லை. 43 விழுக்காட்டினர் வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. அவர்களில் பலருக்குச் செல்பேசிதான் இணையத்துக்குள் செல்லும் ஒரே வழி. செல்பேசியில் படம் பார்க்கலாம், பேசலாம், பணம் அனுப்பலாம். ஆனால் தன்விவரக் குறிப்பைச் சீராக எழுதி உரிய வடிவில் இணைக்கவும், பதினெட்டுப் பக்கப் படிவத்தை நிரப்பவும் அதை வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வு 2014 முதல் கணினியில்தான் நடக்கிறது. கணக்கும் கட்டுரையும் தெரிந்திருந்தும் தட்டச்சு தெரியாததால் தோற்கும் நிலை அதனால் வந்தது. அந்தத் தட்டச்சைக் கற்க அவர்கள் எங்கே போவார்கள்?

கணினி தெரியாமையின் விலை என்ன என்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிகத் தெளிவான சான்று ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கிறது. 2018 ஜூனில், குறைந்த வருமானத்தினருக்கு அரசு தரும் மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீடு பெறும் உழைக்கும் வயதினரில் ஒரு பிரிவினர் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு இணையான பணியோ செய்து கணக்குக் காட்ட வேண்டும் என்று அந்த மாநிலம் விதித்தது. முதல் மாதங்களில் அந்தக் கணக்கை இணையதளம் வழியாக மட்டுமே கொடுக்க முடிந்தது. தொலைபேசி வழி டிசம்பரில்தான் வந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல் காலை ஏழு மணிவரை அந்தத் தளம் மூடியிருக்கும். பகல் முழுதும் வேலை செய்துவிட்டு இரவில் வீடு திரும்புபவர் எப்போது கணக்குக் கொடுப்பார்? அந்த ஆண்டு முடிவதற்குள் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தனர். பின்னர் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அந்த விதிக்கு உட்பட்டவர்களில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே தேவையான அளவு உழைத்துக்கொண்டிருந்தார்கள், அல்லது விதிவிலக்குப் பெறத் தகுதியுடையவர்கள் என்று தெரியவந்தது. ஆக, சோம்பேறிகள் என்று எண்ணித் துரத்தப்பட்டவர்களில் மிகப் பலருக்கு இருந்த குறை, படிவத்தை நிரப்பத் தெரியாமையும் நிரப்ப இடமில்லாமையும்தான். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தியது.

இப்போது அதே 80 மணி நேர விதி, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின் மூலம், மெடிக்கெய்டை விரிவுபடுத்திய மாநிலங்களில் 2027 தொடக்கத்துக்குள் நடைமுறைக்கு வரவேண்டியிருக்கிறது. அதே 2025 மார்ச்சில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், தொலைபேசியில் அடையாளம் உறுதிசெய்வதை நிறுத்திவிட்டு, முதியவர்கள் இணையத்திலோ நேரிலோ செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகே பின்வாங்கியது. ஓர் அரசு தன் வாசல்களை ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற்றிக்கொண்டே, அந்த வாசலில் நுழையக் கற்றுத்தரும் அறையை மூடுவதை என்னால் சிக்கனம் என்று ஏற்க முடியவில்லை. இணைய வழியால் அரசுக்கு மிச்சமாகும் செலவு இருக்கிறதே, அதில் ஒரு பங்கையாவது இந்த வகுப்புகளுக்குக் கொடுப்பதுதான் நேர்மை.

சிக்கனம் பேசுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும். 2024ஆம் ஆண்டில் மட்டும், அறுபது வயதைக் கடந்தவர்கள் இணையக் குற்றங்களில் இழந்ததாக எஃப்.பி.ஐ.யிடம் பதிவான தொகை 480 கோடி டாலருக்கு மேல். பல ஆண்டுகளுக்கென ஒதுக்கிய 275 கோடியோடு இதை ஒப்பிடுங்கள். போலி வங்கிக் குறுஞ்செய்தியை எப்படி அடையாளம் காண்பது, திரையில் திடீரெனத் தோன்றும் எண்ணை ஏன் அழைக்கக்கூடாது என்பதெல்லாம் முதியோர் கணினி வகுப்பின் முதல் பாடங்கள். அந்த வகுப்பு ஒருவரின் வாழ்நாள் சேமிப்பைக் காப்பாற்றினாலும் அது எந்த வரவுசெலவுக் கணக்கிலும் வரவாக ஏறுவதில்லை.

இனவாதம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். சட்டம் எட்டுப் பிரிவினரைக் குறிப்பிடுகிறது: குறைந்த வருமானக் குடும்பத்தினர், அறுபது வயதைக் கடந்தவர்கள், முன்னாள் படைவீரர்கள், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலமோ எழுத்தறிவோ போதாதவர்கள், சிறையில் இருப்பவர்கள், கிராமப்புறத்தினர், இனச் சிறுபான்மையினர். இந்த எட்டில் கடைசியை மட்டும் காட்டி மற்ற ஏழையும் சேர்த்துத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். அந்த ஒரு பிரிவு சட்டத்துக்கு முரணென்று கருதினால் அதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். மேற்கு வர்ஜீனியாவின் மலைக்கிராமத்தில் இருக்கும் வெள்ளைக்கார முதியவரும், வியட்நாம் போரில் காலை இழந்த படைவீரரும் இதே வகுப்புக்குரியவர்களே. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை ஓர் அறிவிப்பால் நிறுத்தலாமா என்ற கேள்வியும் எழுகிறது. எல்லோருக்கும் இணைய வசதி கிடைக்கப் பாடுபடும் ‘நேஷனல் டிஜிட்டல் இன்க்ளூஷன் அலையன்ஸ்’ என்ற கூட்டமைப்பு அதை நீதிமன்றத்துக்கே எடுத்துச் சென்றிருக்கிறது.

அக்கறையோடு கேட்கப்படும் ஓர் ஆட்சேபமும் உண்டு. தூசி படிந்த கணினிகளோடு ஆளின்றிக் கிடந்த மையங்கள் சில இருந்தன, நல்கை முடிந்ததும் மூடப்பட்டவையும் இருந்தன என்பார்கள். உண்மைதான். கருவி வாங்கப் பணம் கொடுத்து, ஆளுக்குக் கொடுக்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். இரண்டு ஆண்டுப் பணத்தை நம்பி நல்ல ஆசிரியர் எவரும் தன் நிலையான வேலையை விட்டு வரமாட்டார். அந்தத் தோல்விகள் நிலையான நிதிக்கான வாதமே தவிர வெட்டுவதற்கான வாதம் ஆகா. தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் தன்னார்வலனாகவே மறுக்கிறேன். என்னால் சனிக்கிழமைகளில் மட்டுமே வரமுடியும். செவ்வாய்க்கிழமை காலை வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒருவர் வரும்போது, அங்கே சம்பளம் பெறும் பணியாளர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இங்குள்ள தமிழர்களிடம் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம்மில் பலருக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்தது கணினி. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, எச்-1பி விசாவுக்காக நம் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி அமெரிக்கத் தொழிலாளர்களின் பயிற்சிக்கும் மாணவர்களின் அறிவியல், கணிதக் கல்விக்கும் போகிறது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு வேலை கொடுப்பதென்றால் உள்ளே இருப்பவர்களையும் கற்பிக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். அதனாலேயே, இது மற்றவர்களுடைய பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது என்று கருதுகிறேன். ஊரிலிருந்து வந்து குடியுரிமை பெற்று, காப்பீட்டுப் படிவங்களை நிரப்ப மகனையோ மருமகளையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் நம் அப்பா அம்மாவும் இந்த அறைகளுக்கு உரியவர்கள்தாம்.

இப்போது நம் கையில் ஒரு குறிப்பான கோரிக்கை இருக்கிறது. அதே 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் பிராட்பேண்ட் கேபிள் கொண்டுபோக 4,245 கோடி டாலரை ஒதுக்கியது. 2025இல் விதிகளை மாற்றிச் செலவைக் குறைத்ததால், அதில் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் மிஞ்சும் என்று பொறுப்பிலுள்ள அமைப்பே கூறியிருக்கிறது. அந்த மிச்சத்தின் ஒரு சிறு பகுதியைக் கணினிக் கற்றல் மையங்களின் ஆசிரியர் சம்பளத்துக்கென ஒதுக்கவேண்டும் என்று உங்கள் செனட்டருக்கும் பிரதிநிதிக்கும் மாநில ஆளுநர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். எழுதுமுன் ஒருமுறை உங்கள் ஊர் நூலகத்துக்குச் சென்று, அங்கே கணினி வகுப்பு நடக்கிறதா, யார் நடத்துகிறார்கள், அவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம்வரை வரும் என்று கேட்டு, அந்த விடைகளையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.