“அப்பாட குணம்” என்று பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள்

“இவளுக்கு அப்பாட குணம் டீச்சர், சிரிக்கவே மாட்டாள்.” பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொல்லும் பெற்றோர் திருகோணமலையில் நிறையப் பேர். நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால், “பரம்பரைதானே?” என்று என்னிடமே ஒப்புதலும் கேட்பார்கள். இந்தப் பேச்சை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மகிழ்ச்சியில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. 1996இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் இரட்டையர்களை ஆராய்ந்த டேவிட் லிக்கனும் ஓக் டெலிகனும், ஆளுக்கு ஆள் மகிழ்ச்சி வேறுபடுவதில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்றார்கள். கூடுதல் சந்தோஷத்துக்கு முயல்வது உயரமாக வளர முயல்வதைப் போல வீணாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். அது பிழை என்று லிக்கனே பிறகு சொன்னார். அந்தப் ‘பாதி’ ஒரு கூட்டத்து மக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டின் கணக்கு. உங்கள் மகளின் சிரிப்பில் பாதி, சாதகம் மாதிரி பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

மகிழ்ச்சிக்கென்று ஒற்றைப் பரம்பரையலகும் (ஜீன்) இல்லை. 2016இல் ஏறக்குறைய 3 இலட்சம் பேரின் தரவை அலசியபோது, டி.என்.ஏ.யில் மனநிறைவோடு தொடர்புள்ள 3 இடங்கள்தான் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2011இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு. ஒக்சிற்றோசின் என்ற ஓமோனின் வாங்கியை, அதாவது அந்த ஓமோன் வந்து ஒட்டும் புரதத்தை, உருவாக்கும் பரம்பரையலகில் ஒரு வகையைக் கொண்டவர்களிடம் தன்மதிப்பும் “என்னால் முடியும்” என்ற எண்ணமும் சற்றுக் குறைவாக இருந்தன. மனச்சோர்வின் அறிகுறிகளோடு அந்த வகைக்கு இருந்த தொடர்பும் இந்த எண்ணங்களின் வழியாகத்தான் வந்தது. சிறிய ஆய்வு, அதை மட்டும் நம்பிக் கோட்டை கட்ட மாட்டேன். ஆனால் வகுப்பில் நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. “நான் சிரிக்காத ஆள்” என்று நம்பிவிட்ட பிள்ளை, கூட்டாளிகள் கூப்பிட்டாலும் டச் பே கடற்கரைக்குப் போகாது. போகாததையே தன் குணத்துக்குச் சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையை ஊட்டுவது வீட்டில் உள்ள நாங்கள்தான்.

சரி, அந்த அப்பாவின் குணம் பிறவிக்குணம் என்று யார் சொன்னது? 2004இல் சுனாமியில் கடல் வந்தபோது அவர் நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ இருந்திருப்பார். 2006இல் சண்டை நடந்தபோது மூதூரிலிருந்து வீட்டையும் மாட்டையும் விட்டு நடந்து வந்திருப்பார். அதற்கு முன் எப்படி இருந்தார் என்று அவருடைய அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். கோயில் திருவிழா என்றால் வீடு தங்காத பெடியனாக இருந்திருக்கலாம். இழப்பால் வந்த மௌனத்தை இரத்தத்தில் வந்தது என்கிறோம். பிறகு அதையே பிள்ளைக்கும் சீதனமாகக் கொடுக்கிறோம்.

ஓமோன் உண்மையிலேயே காரணமாக இருக்கும் இடத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். தைரொயிட் ஓமோன் குறைந்தால் சோர்வு, மந்தம், மனச்சோர்வு எல்லாம் வரலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். முன்பு கலகலவென்று இருந்த பெண்பிள்ளை மாதக்கணக்காக முடங்கிக் கிடந்தால் “சோம்பேறி” என்று ஏசாமல், முதலில் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.