பெயர் ஒன்று, வாசனை வேறு

ஒரு மூலிகைச் செடியின் எண்ணெயில் இன்ன பொருள் இருக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. எந்த இடத்துச் செடியின் எண்ணெய் என்று கேட்காமல் அதைச் சொல்ல முடியாதே!

தெற்கு பிரான்சில் மான்பெலியே நகரைச் சுற்றி வளரும் தைம் என்ற வாசனை மூலிகைச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். இனம் ஒன்றுதான், ஆனால் எண்ணெயில் மிகுந்திருக்கும் பொருளை வைத்து 6 வேதி வகைகள். ஒன்றின் இலையைக் கசக்கினால் தைமாலின் காரமான மருந்து நெடி. இன்னொன்றில் ஜெரானியால், கிட்டத்தட்ட ரோஜா வாசனை. கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது, மூக்குதான் கருவி. தைமால் வகையும், அதேபோல் கார நெடி உள்ள கார்வக்ரால் வகையும் வறண்ட கல் நிலத்தில் அதிகம். குளிர்காற்று தேங்கி உறைபனி கடுமையாக இறங்கும் பள்ளத்தாக்கில் மற்ற வகைகள். 1970களுக்குப் பின் கடுங்குளிர் குறைந்ததும், முன்பு தலைகாட்டாத இடங்களிலும் இந்தக் கார நெடி வகைகள் நுழைந்துவிட்டன. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அப்புறம் வெள்ளைக் க்ளோவர் என்ற தீவனச் செடி. இதிலும் ஒரே இனத்துக்குள் வேறுபாடு. சில செடிகளின் இலையைக் கடித்தால் சயனைடு வரும், பக்கத்துச் செடியில் வராது. மூலப்பொருள் ஓரிடத்தில், அதை உடைக்கும் நொதி வேறிடத்தில். நத்தை கடித்தால்தான் இரண்டும் கலக்கும். இரண்டில் ஒன்றுக்கான மரபணு இல்லாவிட்டாலும் சயனைடு வராது. சரி, அப்படியானால் எல்லாச் செடியும் ஏன் விஷம் வைத்திருக்கவில்லை? தயாரிக்கச் செலவு உண்டு. குளிர் மிகுந்த ஊர்களில் விஷ வகை அரிது, மிதமான குளிர்காலம் உள்ள இடங்களில்தான் அது கூடுதல்.

எனவே எண்ணெயை ஆராய்ந்தவர்கள் செடியை எங்கே பறித்தார்கள் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.