கடைசியில் வந்தவருக்கும் அதே கூலியா?

பைபிளில் மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் திராட்சைத் தோட்ட உவமையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. தோட்ட உரிமையாளர் விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை பல தடவை போய் ஆள் எடுக்கிறார். விடியற்காலையில் வந்தவருக்கு ஒரு தெனாரியம், அதாவது ஒரு வெள்ளிக்காசு. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவருக்கும் அதே ஒரு தெனாரியம். ஏற்காட்டில் காபித் தோட்டக் கூலி வீட்டில் பிறந்த யாருக்கும் இது அவ்வளவு லேசில் இறங்காது.

டிசம்பர், ஜனவரியில் பழம் எடுக்கிற நாட்களில் அம்மா பனி விலகும் முன்பே கிளம்பிவிடுவார். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சிவந்த பழமாகப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பச்சைக் காய் கலந்தால் மேஸ்திரி சத்தம் போடுவார். சாயங்காலம் தராசுக்கு முன்னால் வரிசை. அரைக் கிலோ குறைத்து எழுதினாலும் அங்கே சண்டைதான். அந்த வரிசையில் போய் "எல்லாருக்கும் ஒரே கூலி" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் செப்டம்பரில், கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு நற்செய்தி வாசகமாக இது வரும். கூலி என்றால் விண்ணகம், பிந்தி வந்தவர்கள் யூதரல்லாத பிற இனத்தார் என்று விளக்குவார்கள். பழங்காலத் திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினார், ஆட்கள் வந்த அந்த நேரங்களை மனித வயதாகவும் பார்த்தார்: காலையில் வந்தவர் சிறுவயதிலேயே விசுவாசத்துக்கு வந்தவர், ஐந்து மணிக்காரர் முதுமையில் வந்தவர். நல்ல விளக்கம்தான். ஆனால் இதையெல்லாம் கேட்டு முடிக்கும்போது கதையில் வியர்த்துப்போன ஆள் ஒருத்தர்கூட மிஞ்சுவதில்லை. எல்லாரும் ஆன்மாவாகிவிடுகிறார்கள்.

என் கோபத்தை அசைத்தது ஒரே ஒரு வரி. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று உரிமையாளர் கேட்டதற்கு ஐந்து மணிக்காரர்கள் சொன்ன பதில்: "எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை." சோம்பேறியாக இருந்தால் ஐந்து மணிவரை ஏன் நிற்கிறார்? மத்தியானமே வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க மாட்டாரா? எங்கள் அம்மாயிக்கு முட்டி தேய்ந்த பிறகு சரிவில் ஏற முடியவில்லை. ஆனாலும் தூக்குப்போசியில் சோறு போட்டுக்கொண்டு ஜீப் வரும் இடத்துக்குப் போய் நிற்பார். கைவேகம் உள்ளவர்களாகப் பார்த்து ஏற்றியதும் ஜீப் நிரம்பிவிடும். அம்மாயி அதே சோற்றோடு திரும்பி வருவார்.

தெனாரியம் என்பது அந்தக் காலத்துக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். பன்னிரண்டு மணி நேரப் பகலில் ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும், அடுப்பு எரியாது. பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் 24-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. இயேசு சொன்ன கதையைக் கேட்டவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியும்.

ஆக, கடைசி ஆளுக்கு முழுக் கூலி கொடுத்தது சரி. அதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தோட்ட உரிமையாளர்மேல் ஒரு வருத்தம் போகவில்லை. ஏன் கடைசியில் வந்தவரிலிருந்து கொடுக்கச் சொன்னார்? முதலில் வந்தவர்களுக்கு முதலிலேயே கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள், பேச்சே வந்திருக்காது. அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த உடம்புக்கு அந்த நேரத்தில் பாடம் கேட்கத் தெம்பு இருக்குமா? "நான் நல்லவனாய் இருப்பதால் உமக்குப் பொறாமையா?" என்று வேறு கேட்கிறார். பொறாமை இல்லை சாமி, அசதி.

மறுநாள் காலையில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டேன், நீயாக இருந்தால் போவாயா என்று. "பேசின கூலியைக் குறைக்காம குடுத்தவன்தானே, போவேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா, நேத்து எங்களை ஏன் கடைசியில நிக்க வெச்சேன்னு கேட்டுட்டுத்தான் சாக்கை எடுப்பேன்."