கிகாஹெர்ட்ஸைப் பார்த்துச் செயலி வாங்குவோருக்கு

2019இல் நான் கூட்டிய கணினியில் பி450 வகை மதர்போர்டும் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 2600 செயலியும் (பிராசசர்) இருந்தன. 2023இல் அதே போர்டில், போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, பழைய செயலியைக் கழற்றி ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்தினேன். கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எஸ்டி, திரை எதையும் தொடவில்லை. பேக்டோரியோ விளையாட்டில் நான் பொறுமையாக வளர்த்து வைத்திருந்த தொழிற்சாலை, நொடிக்கு 60 முறை இயங்க வேண்டியது, முப்பதைச் சுற்றித் தள்ளாடிக்கொண்டிருந்தது. மாற்றிய அன்றே அறுபதில் நிலைத்து நின்றது. அதே மாலையில் எக்செல் கோப்புகளைத் திறந்தேன், பிரவுசரில் வழக்கம்போல் இருபது டேப்களை வைத்துக்கொண்டு ஒரு நீண்ட கட்டுரையைத் தட்டச்சு செய்தேன். அங்கே எந்த வேறுபாட்டையும் என்னால் உணர முடியவில்லை. எந்த நிறுவனத்தின் செயலியை வாங்கலாம், இன்டெல்லா ஏஎம்டியா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது அந்த மாலையைப் பற்றித்தான்.

விளையாட்டில் தெரிந்த முன்னேற்றத்தில் புதிய தலைமுறைக் கோர்களுக்கும் (செயலிக்குள் கணக்கிடும் அலகுகள்) பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 5800எக்ஸ்3டியை அதன் உடன்பிறப்பான 5800எக்ஸுக்கு அருகில் வைத்துப் பார்த்தால்தான் முழு உண்மை விளங்கும். இரண்டிலும் அதே 8 கோர்கள், அதே ஜென் 3 வடிவமைப்பு. 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், ஏப்ரல் 2022இல் வந்த 5800எக்ஸ்3டிக்கோ 4.5 கிகாஹெர்ட்ஸ்தான். கடைகளில் எழுதி ஒட்டும் கணக்குப்படி பின்தங்க வேண்டிய இந்தச் செயலி, பெரும்பாலான விளையாட்டுகளில் முந்தியது. முப்பரிமாணக் காட்சிகளைப் படமாக்கும் ரெண்டரிங் போன்ற வேலைகளில் மட்டும் சற்றுப் பின்தங்கியது. காரணம், கோர்களுக்கு அருகிலேயே இருக்கும் சிறு நினைவகமான, 32 எம்பியாக இருந்த எல்3 கேஷின் மேல் இன்னொரு 64 எம்பி சில்லை ஏஎம்டி அடுக்கி, மொத்தத்தை 96 எம்பியாக்கியிருந்தது. பெயரின் கடைசியிலுள்ள 3டி அதைத்தான் குறிக்கிறது.

சமைப்பவரின் கை வேகம் எவ்வளவு இருந்தாலும், கடுகு அஞ்சறைப் பெட்டியில் இல்லாமல் தெருமுனை மளிகைக் கடையில் இருந்தால் எண்ணெய் காய்ந்துகொண்டுதான் இருக்கும். கேஷ் அந்த அஞ்சறைப் பெட்டி. ரேம் அந்த மளிகைக் கடை. கேஷிலிருந்து ஒரு தரவை எடுக்கச் சுமார் 10 நானோ நொடி ஆகுமென்றால், ரேமிலிருந்து எடுக்க அதைப்போல ஆறேழு மடங்கு ஆகும். நொடிக்கு 144 பிரேம்கள் (திரையில் மாறும் படங்கள்) வேண்டுமெனில் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் அவகாசமே 7 மில்லி நொடிக்குக் குறைவு. அதற்குள் நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், வாகனங்கள், மோதல்கள் ஆகியவற்றின் நிலையைச் செயலி அங்குமிங்கும் தேடித் தேடிக் கணக்கிட வேண்டியிருக்கிறது. பேக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் பெரிய கேஷ் இவ்வளவு பலன் தருவது இதனால்தான். எக்செல் திறந்து நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது செயலியும் சும்மாதான் இருக்கிறது. அங்கே பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன?

2024இன் இறுதியில் இரு நிறுவனங்களும் நேருக்கு நேர் நின்றபோது இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 9 285கேயில் 24 கோர்கள் இருந்தன. நவம்பரில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 9800எக்ஸ்3டியில் எட்டே கோர்கள். விளையாட்டில் எட்டுதான் வென்றது, அதுவும் மயிரிழையில் அல்ல. 285கேயில் ரேமோடு பேசும் பகுதி, கோர்கள் இருக்கும் சில்லில் இல்லாமல் தனிச் சில்லுக்குப் போய்விட்டதால், மளிகைக் கடை இன்னும் ஒரு தெரு தள்ளிப் போனதுபோல் ஆயிற்று. மின்சாரத்தைக் குறைத்தது அதன் உண்மையான சாதனை. விளையாட்டைப் பொறுத்தவரை தன் முந்தைய தலைமுறையான 14900கேயையே அது தெளிவாக முந்தவில்லை. ஏஎம்டியோ இம்முறை கூடுதல் கேஷைக் கோர்களின் மேல் வைக்காமல் அடியில் வைத்தது. வெப்பம் நேராகக் கூலருக்குப் போனதால், முந்தைய 7800எக்ஸ்3டியின் 5.0 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.2க்கு உயர முடிந்தது. பார்க்கச் சிறிய இடமாற்றம். எனக்கு இந்தப் பத்தாண்டின் மிக அழகான பொறியியல் முடிவுகளில் ஒன்றாகத் தோன்றுகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பெரும்பாலானோர் 9800எக்ஸ்3டியை வாங்க வேண்டியதில்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலிகளை ஒப்பிடுபவர்கள் சந்தையிலேயே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை மாட்டி, திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை 1080பிக்கு இறக்கி வைத்துச் சோதிக்கிறார்கள். அது தவறன்று, கிராபிக்ஸ் கார்டு தடையாக இல்லாதபோதுதான் செயலியின் திறமை தெரியும். ஆனால் அந்தப் பட்டை வரைபடத்தைப் பகிர்பவர் வீட்டில் இருப்பது நடுத்தரக் கார்டான ஆர்டிஎக்ஸ் 3060. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 82.9 லட்சம். புள்ளிகள் கூடக் கூட வேலை முழுவதும் கார்டின் தலையில் விழுகிறது, செயலி வாசலில் காத்து நிற்கிறது. 4கேயில் விளையாடுபவருக்கும், நடுத்தரக் கார்டு வைத்திருப்பவருக்கும் ரைசன் 5 5600க்கும் 9800எக்ஸ்3டிக்கும் இடையிலான பெரும் விலை வேறுபாடு பல விளையாட்டுகளில் கண்ணில் படவே படாது. அந்தப் பணத்தைக் கார்டில் போட்டிருந்தால் பட்டிருக்கும். விதிவிலக்கு இருவகையினர்: கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்றவற்றை 240 ஹெர்ட்ஸ் திரையில் போட்டியாக ஆடுபவர்கள், என்னைப்போல் உருவகப்படுத்தும் விளையாட்டுகளில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடப்பவர்கள்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு நான்கு கோர்கள் கொண்ட இன்டெல்லின் கோர் ஐ3-12100 போதும். 2022 தொடக்கத்தில் வந்த அந்தச் சிறிய செயலியும், 16 ஜிபி ரேமும், ஒரு நல்ல எஸ்எஸ்டியும் இருந்தால் அலுவலக வேலைக்கு ஒரு குறையும் இராது. இங்கே என் ஓட்டு இன்டெல்லுக்குத்தான். பல சில்லுகளை இணைத்துச் செய்யப்படும் ரைசன் மேசைக்கணினிச் செயலிகள் சும்மா இருக்கும்போதும் ஒரே துண்டாகச் செய்யப்பட்ட இதைவிடக் கூடுதலாக மின்சாரம் குடிக்கின்றன; அலுவலகக் கணினியோ நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கிறது. ஆனால் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்குக் கடைக்காரர் விலை குறைகிறதென்று 12400எஃப் போட்டுக் கொடுத்துவிட்டார், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல். ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் திரையில் ஒன்றுமே வரவில்லை. ரைசன் 5 5600லும் கிடையாது, 5600ஜியில் உண்டு. மடிக்கணினிப் பெயர்கள் இதைவிட மோசம்: 7000 வரிசைப் பெயரோடு வந்த ரைசன் 5 7520யுவுக்குள் இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, இன்டெல் பக்கத்தில், ஐ7-1355யு என்ற கம்பீரமான பெயருக்குள் இருக்கும் வேகமான பெரிய கோர்கள் இரண்டே இரண்டு.

இன்டெல் இன்னும் தெளிவாக முன்னே நிற்கும் ஓரிடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கல்யாண வீடியோ தொகுக்கும் நண்பர் ஒருவரின் கேமரா 10-பிட் 4:2:2 எச்.265 என்ற, நிறத் தகவல் கூடுதலாக உள்ள சுருக்கப்பட்ட வீடியோ வடிவில் பதிவு செய்கிறது. இன்டெல்லின் உள்கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோப் பகுதி அதைச் சிரமமின்றிப் பிரித்துத் தருகிறது. ரைசனின் உள்கிராபிக்ஸால் முடிவதில்லை. என்விடியா கார்டுகளிலும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அவர் வேலைக்கு ஏஎம்டியின் கேஷ் பெருமை செல்லாக்காசு. எஃப் வகையை வாங்கியிருந்தால் இன்டெல்லும் செல்லாக்காசுதான்.

நம்பகத்தன்மையைப் பேசாமல் இருக்க முடியாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்று நாளடைவில் தம்மையே சிதைத்துக்கொண்ட விவகாரம் 2024இல் பெரிதாக வெடித்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (செயலியின் உள்கட்டளைகள்) திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே சிதைந்த செயலியைத் திருத்தம் குணப்படுத்தாது. ஆகவே பழைய பொருளாக மலிவாகக் கிடைக்கும் 13900கேயையோ 14900கேயையோ பார்த்து ஆசைப்படாதீர்கள். 12ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஏஎம்டியும் கறைபடாததன்று: 2023இல் சில 7000எக்ஸ்3டி செயலிகள் போர்டில் அவற்றைப் பொருத்தும் சாக்கெட்டிலேயே கருகின, எஸ்ஓசி எனப்படும், ரேமோடு பேசும் பகுதிக்கான மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று எல்லை கட்டிப் பயாஸ் வெளியிட வேண்டியதாயிற்று. எந்தப் பக்கம் வாங்கினாலும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பதாக இருக்கட்டும்.

விளையாட்டுக்கென்று இனிப் புதிதாகக் கூட்டுபவர்களுக்கு நான் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் கொண்ட போர்டைச் சொல்வதற்குக் கேஷ் மட்டும் காரணமன்று. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 என மூன்று தலைமுறைகளோடு முடிந்து, 2024இல் எல்ஜிஏ1851க்கு வேறு போர்டு வாங்க வேண்டியிருந்தது. 2022இல் வந்த ஏஎம்5ஐ 2027 வரையேனும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. முதலில் மலிவான ஒரு ரைசன் 5 போட்டு, மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் செலவழித்து, சில ஆண்டுகள் கழித்து எக்ஸ்3டி செயலி விலை இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். என் பி450 போர்டில் நான் செய்ததும் இதுதான். வீட்டில் மனைவியின் கணக்கு வேலைக்கு வாங்கியதோ ஐ3-12100. அதை மாற்றச் சொல்லி அவர் இதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.