கோக்லோமாவைக் கணினியில் தொடங்காதீர்கள்

ரஷ்ய நாட்டுப்புற அலங்காரங்களை கிராஃபிக் டிசைன் வகுப்புக்குக் கொண்டுவருவதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஆயத்த வெக்டர் கோப்பை (புள்ளிகளும் வளைகோடுகளுமாகச் சேமித்த படத்தை) இறக்கி, நிறம் மாற்றி, போஸ்டர் ஓரத்தில் ஒட்டவைப்பதைப் பாடம் என்று சொல்லாதீர்கள்.

கோக்லோமாவையே எடுங்கள். நீஷ்னி நோவ்கொரத் பகுதியின் செம்யோனவ், செமினோ ஊர்களில் செய்யும் மரப்பாத்திரங்கள் அவை. அந்தப் பொன்னிறத்தில் பொட்டுத் தங்கம் கிடையாது. கடைந்த மரத்தில் களிமண் பூசி, ஆளிவிதை எண்ணெய் ஏற்றி, வெள்ளீயப் பொடி (பிற்காலத்தில் அலுமினியப் பொடி) தேய்ப்பார்கள். வெள்ளிபோல் மின்னும் அந்தப் பரப்பில் வரைந்து, லாக்கர் பூசிச் சூடேற்றினால் லாக்கர் மஞ்சளாகி, அடியிலுள்ள வெள்ளி பொன்னாகத் தெரியும். அதாவது பொன் என்பது தளம். ஒரு முறையில் அதன்மேல் சிவப்பிலும் கறுப்பிலும் இழுப்பார்கள்; இன்னொன்றில் இலையையும் பூவையும் பொன்னாகவே விட்டு, சுற்றிலும் கறுப்போ சிவப்போ நிரப்புவார்கள். உருவமும் வெளியும் இடம்மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு இலைக்கும் தங்க கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) போடும் மாணவருக்கு இந்த அடிப்படை போய்ச்சேரவில்லை.

பயிற்சிக்கு மஞ்சள் தாள், சிவப்பு, கறுப்பு போஸ்டர் கலர், 2 அல்லது 3ஆம் எண் உருண்டைத் தூரிகை போதும். முதலில் ‘கிரியூல்’ என்னும் வளைந்த முதன்மைத் தண்டு. பிறகு அதிலிருந்து கிளைக்கும் புல்: ஒசோச்கா (மெல்லிய புல் இதழ்), துளி, மீசை, சுருள். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியால் தொட்டு, அழுத்தி, நிற்காமல் தூக்க வேண்டும். சாய்த்தால் ஓரம் பிசிறடிக்கும். போட்ட கோட்டின்மேல் மறுபடி போனால் உயிர் போய்விடும்.

கணினிக்கு மாற்றும்போது, படத்தைத் தானாகவே வெக்டராக்கும் ஆட்டோ டிரேஸ் வேண்டாம். தாளின் சொரசொரப்பையும் சேர்த்துப் பிடித்து நூற்றுக்கணக்கில் புள்ளிகள் வைத்துவிடும். புள்ளி வைத்து வளைகோடு இழுக்கும் பென் டூலில் ஒரு புல்லுக்கு இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளி போதும்.

வெள்ளையில் நீலம் தீட்டும் ரஷ்ய க்ஷெல் பீங்கானின் கதை வேறு. சுடுமுன் கருமையாக இருக்கும் கோபால்ட் நிறமி, சூளையில் நீலமாகும். தூரிகையின் ஒரு பக்கம் கூடுதல் நிறம் ஏற்றுவதால் ஒரே இழுப்பில் அடர்த்தி மங்கிக்கொண்டே போகும். தட்டையான வெக்டரில் அது செத்துவிடும், நிஜ இழுப்பை ஸ்கேன் செய்த பிட்மேப் (புள்ளிப்பட) பிரஷ்தான் சரி. அச்சில் மெஜென்டா (கருஞ்சிவப்பு) மையின் அளவு சயான் (வெளிர்நீல) மையின் அளவை நெருங்கினால் நீலம் ஊதாவாகும். இரண்டின் அளவுக்கும் இடையே 30 சதவீத இடைவெளியாவது விடுங்கள்.

இரண்டையும் ஒரே கொடியில் கலக்காதீர்கள். கோக்லோமா இடத்தை நிரப்பும். க்ஷெலுக்கு வெள்ளை வெளி வேண்டும். சோச்சி 2014 ஒலிம்பிக்கின் ஒட்டுத்துணி வடிவமைப்பில் 16 அலங்காரங்கள் இருந்தும் குழம்பாததற்குக் காரணம், ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்குள் நின்றதுதான்.

கடைசியில் 2 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். மீசைகள் மறைந்தால் கோட்டைத் தடிப்பாக்க வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள்.